முன்னால் சூடு, பின்னால் பனிக்காற்று: வேனின் பின்பக்க ஹீட்டரை எங்கிருந்து சோதிக்க வேண்டும்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த கேள்வி இது. பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, கரூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பின்பகுதியைப் படுக்கை, சமையல் மேடையுடன் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் உட்காரும் பெரியவர்களுக்காகத் தனி ஹீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் அது நன்றாக வேலை செய்தது. இந்த மார்கழியில் ஊட்டிக்குப் போனபோது முன்பக்க ஹீட்டரில் நல்ல சூடு, பின்பக்க ப்ளோயரிலோ ஐஸ் போன்ற காற்று. இடையில் கோடையில் ஏ.சி. சர்வீஸ் செய்ததும், ஒரு ரேடியேட்டர் ஹோஸை மாற்றியதும் தவிர வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. மெக்கானிக் "ஹீட்டர் காயில் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்கிறார். போடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். காயில் கெட்டுப்போவது இந்தக் கோளாறில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய காரணங்களில் ஒன்று. அது கெட்டால் பெரும்பாலும் ஒழுகும். தரைவிரிப்பு நனையும், இனிப்பு கலந்த ஒரு வாடை வரும், கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படியும். இவை எதுவும் இல்லாமல் வெறும் குளிர்காற்று மட்டும் வருகிறது என்றால், காயிலுக்குச் சூடான தண்ணீர் போய்ச் சேரவில்லை, அல்லது சூடான காயிலின் வழியாகக் காற்று போகவில்லை. எது என்பதைக் கண்டுபிடிக்க உங்கள் இரண்டு கைகளும் கால் மணி நேரமும் போதும்.

அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும். ஹீட்டருக்குச் சொந்தச் சூடு எதுவும் கிடையாது. இன்ஜினைச் சுற்றி ஓடிச் சூடேறிய கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், பேச்சில் தண்ணீர் என்றே சொல்வோம்) ஒரு பகுதியை ஒரு ஹோஸ் வழியாக எடுத்து, சிறு ரேடியேட்டர் போன்ற காயிலுக்குள் விட்டு, இன்னொரு ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறோம். காயிலின் மேல் ப்ளோயர் காற்றடிக்கிறது, சூடு வண்டிக்குள் வருகிறது. பின்பக்க ஹீட்டர் என்றால் இதே ஹோஸ்கள் T வடிவ டி இணைப்புகளில் பிரிந்து, வண்டியின் அடிப்பாகம் முழுக்க ஓடிப் பின்னால் போய்த் திரும்புகின்றன. போக ஐந்தாறு மீட்டர், வர ஐந்தாறு மீட்டர். பாதை நீளம், வளைவுகள் அதிகம், இணைப்புகள் அதிகம். தண்ணீரோ காற்றோ எங்கே தகராறு செய்தாலும் முதலில் பட்டினி கிடப்பது இந்தப் பின்பக்கக் கிளைதான்.

அதனால்தான் கூலன்ட் அளவை முதலில் பாருங்கள் என்கிறேன். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. டப்பாவில் கோடு வரை கூலன்ட் நிற்கும், ரேடியேட்டருக்குள் இரண்டு விரல் இறங்கியிருக்கும். மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால் டப்பாவிலிருந்து உள்ளே திரும்ப உறிஞ்சாது, அதனால் இப்படி ஆகும். உங்கள் வண்டியில் ரேடியேட்டரில் மூடி இல்லாமல் அழுத்தம் தாங்கும் டப்பாவிலேயே மூடி இருந்தால், அதன் அளவுக் கோடே உண்மையான அளவு. சூடான இன்ஜினில் எந்த மூடியையும் திறக்காதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடித்தால் ஹீட்டரைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

அளவு குறைந்திருந்தால் அதை வெறும் ஹீட்டர் கோளாறாக நினைத்து விட்டுவிடாதீர்கள். பின்பக்க ஹீட்டர் திடீரென்று குளிர்வது, கூலன்ட் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு வண்டி தரும் முதல் அறிகுறியாக இருக்கலாம். டெம்பரேச்சர் முள்ளை நம்பி இருப்பதும் ஆபத்து. சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லாமல் ஆவியோ காற்றோ நின்றால் முள் சாதுவாக நடுவில் நிற்கும், இன்ஜின் மட்டும் வேகும். மலையேற்றத்தில் ஹீட்டர் சூடாக இருந்து சட்டென்று குளிர்ந்தால், அடுத்த அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

கூலன்ட் சரியாக இருக்கிறதா? இப்போது கைச் சோதனை. இன்ஜினை ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் சூடேற வெகு நேரமாகும், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவதே மேல். ஹீட்டர் குமிழ்கள் முன்னும் பின்னும் முழுச் சூட்டில் இருக்கட்டும், பின் ப்ளோயர் நடுத்தர வேகத்தில் ஓடட்டும். பின்பக்க ஹீட்டருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். மூன்று நொடிக்கு மேல் கையை வைத்திருக்க முடியாவிட்டால் ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் இருக்கிறது என்று கொள்ளலாம். தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் இருந்தால் இன்னும் நல்லது. கொரோனா காலத்தில் வாங்கி வைத்த நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது, அது பெரும்பாலும் உடல் சூட்டு அளவைத் தாண்டிக் காட்டாது. தொழிற்சாலை வகைதான் வேண்டும். அதையும் பளபளக்கும் பித்தளை மேல் காட்டாமல் ரப்பர் ஹோஸின் மேல் காட்டுங்கள், மினுங்கும் உலோகத்தில் தப்பான அளவு வரும்.

இரண்டு ஹோஸ்களும் குளிர்ந்திருந்தால் தண்ணீர் அங்கே வரவே இல்லை. ஒன்று சூடு, மற்றொன்று குளிர் என்றால் வந்த தண்ணீர் தாண்டிப் போகவில்லை. இரண்டும் நல்ல சூடு என்றால் தண்ணீர்ப் பாதையில் குறையே இல்லை, ப்ளோயர் பெட்டிக்குள் தேட வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் ஓட்டம் போதவில்லை. மெக்கானிக்கிடம் போகும் முன் இந்த நான்கில் உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு போங்கள். பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் கேள்வியில் "கோடையில் ஏ.சி. சர்வீஸ்" என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் ஒரு வால்வின் மேல் போனது. மாற்றிக் கட்டிய வேன்களில் பின்பக்கக் கிளைக்கு என்று வண்டியின் அடியிலோ இன்ஜின் அறையிலோ ஒரு பித்தளை வால்வு வைத்திருப்பார்கள். ஏப்ரல் மே மாதம் ஈரோட்டு வெயிலில், ஹீட்டர் காயிலில் சூடான தண்ணீர் நின்றுகொண்டிருந்தால் பின் ஏ.சி. சரியாகக் குளிராது. விவரம் தெரிந்த ஏ.சி. மெக்கானிக் அந்த வால்வை மூடிவிட்டுப் போவார். அவர் செய்தது சரியான வேலைதான், ஆனால் சொல்லிவிட்டுப் போவதில்லை. உரிமையாளரும் டிசம்பர் வரை ஹீட்டரைத் தொடுவதில்லை. உள்ளே துளையிட்ட குண்டு சுழலும் பால் வால்வு (ball valve) என்றால் கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருக்க வேண்டும், குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. சக்கரம் போன்ற கைப்பிடி உள்ள கேட் வால்வு என்றால் திறந்தாலும் நம்ப வேண்டாம். வருடக் கணக்கில் உப்பு படிந்து, தண்டு சுற்றும், உள்ளே தகடு நகராது. கேபிளால் இயங்கும் வால்வில் கேபிள் கிளிப் கழன்றிருக்கும், மின்சாரத்தால் இயங்குவதில் ஃபியூஸ் போயிருக்கும் அல்லது கனெக்டர் பச்சை பூத்திருக்கும். வேக்குவத்தால் இயங்குவதில் சிறு ரப்பர் குழாய் வெடித்திருக்கும். வால்வுக்கு முன்னால் சூடு, பின்னால் குளிர் என்றால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்.

வால்வு திறந்திருந்தும் இரண்டு ஹோஸும் குளிர்ந்திருந்தால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள் அல்லது பட்டறைக் குழியில் நிறுத்துங்கள். ஹோஸ் எங்காவது மடிந்திருக்கிறதா, சேசிஸுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே நசுங்கியிருக்கிறதா, சைலன்ஸர் பக்கம் உரசுகிறதா என்று முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே அதன் அடுக்கு உரிந்து மடல் போல வழியை அடைக்கும். அமுக்கினால் ஓர் இடத்தில் மட்டும் சதசதவென்று இருந்தால் அதுதான்.

பட்டறைக் கோளாறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வெளிப்பார்வைக்குத் தெரியாது. பின்பக்கக் கிளையின் இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸில், அதாவது முன் ஹீட்டருக்குப் போகும் குழாயிலேயே, ஓர் அடி இடைவெளியில் இரண்டு டி வைத்து இணைத்துவிடுவார்கள். தண்ணீர் ஓட வேண்டுமானால் ஒரு முனையில் அழுத்தம் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் இருக்க வேண்டும். இரண்டு முனைகளும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் அது ஏன் ஆறு மீட்டர் போய்த் திரும்ப வேண்டும்? நேராகப் போய்விடும். ஒரு டி இன்ஜினிலிருந்து வரும் சூடான ஹோஸிலும், மற்றது பம்ப்புக்குத் திரும்பும் ஹோஸிலும் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் போன ஆண்டு சூடு வந்திருப்பதால் கட்டும்போது இந்தத் தவறு நடந்திருக்காது. ஆனால் ஹோஸ் மாற்றிய கை, டி இணைப்பைக் கழற்றி வேறு இடத்தில் போட்டிருக்கலாம், ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஏர் லாக், அதாவது தண்ணீர்ப் பாதையில் காற்று அடைத்துக்கொள்வது. ரேடியேட்டர் ஹோஸை மாற்றியிருக்கிறீர்கள். அப்போது கூலன்ட் இறங்கியிருக்கும், திரும்ப மேலே ஊற்றி நிரப்பியிருப்பார்கள். முன்பக்கம் நிரம்பிவிடும். பின்பக்கக் காயில் இருக்கைக்கு அடியில் உயரமாகவோ, சுவர்ப் பெட்டியில் இன்னும் உயரமாகவோ இருந்தால், அங்கே காற்று குமிழாக உட்கார்ந்துவிடும். கிணற்று மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டால் எவ்வளவு ஓடினாலும் வாய்க்காலில் தண்ணீர் விழாததைக் கோபிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் பம்ப் சுற்றும், தண்ணீர் நகராது. இதன் அடையாளம், வண்டி ஸ்டார்ட் ஆகும்போதோ ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதோ பின்னால் கொடகொட என்று ஒரு சத்தம். நுழையும் ஹோஸ் சூடாகவும் வெளியேறும் ஹோஸ் குளிராகவும் இருக்கும், அல்லது வளைவில் திரும்பும்போது திடீரென்று ஒரு நிமிடம் சூடான காற்று வந்து மறையும்.

காற்றை வெளியேற்ற முதலில் வண்டியை முகம் மேலே இருக்கும்படி ஒரு சாய்வில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். நோக்கம், ரேடியேட்டர் மூடி மொத்தப் பாதையிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும் என்பது. பின்பக்க ஹீட்டர் தரையோடு இருந்தால் இதுவே போதும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து நிரப்பி, ஹீட்டர் குமிழ்களை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, குமிழிகள் வந்து அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டிருங்கள். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து பொங்கத் தொடங்கும் முன் மூடியைப் போட்டுவிட்டு, 1500 முதல் 2000 ஆர்.பி.எம். வரை சிறிது நேரம் வைத்திருங்கள். பிறகு ஆறவிட்டு மறுபடி அளவைப் பாருங்கள். ஒரே தடவையில் முடியாது, அலுத்துப்போகாமல் திரும்பச் செய்ய வேண்டும்.

காயில் உயரத்தில் இருந்தால் சாய்வு மட்டும் உதவாது. சிலவற்றில் காயிலின் தலையில் காற்று விடும் சிறு திருகு இருக்கும், அதைத் தளர்த்தி, சீறல் நின்று தண்ணீர் சொட்டியதும் இறுக்கினால் முடிந்தது. திருகு இல்லை என்றால், இன்ஜின் குளிர்ந்த நிலையில் திரும்பிப் போகும் ஹோஸை முன்பக்க டி அருகே கழற்றி, முனையைத் தூக்கிப் பிடித்து, ஒரு புனல் வைத்துக் கூலன்ட்டை ஊற்றுங்கள். மறுபக்கம் காற்றைத் தள்ளிக்கொண்டு ரேடியேட்டரில் ஏறும். புனலில் இறங்காமல் நிற்கும்போது ஹோஸை மாட்டி கிளாம்ப்பை இறுக்குங்கள். பெரிய ஒர்க்‌ஷாப்களில் வேக்குவம் கருவி இருக்கிறது. பாதை முழுவதிலும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் கூலன்ட்டை இழுத்துக்கொள்ளும். நீளமான பின்பக்கக் கிளை உள்ள வண்டிக்கு அதுவே உத்தமம். மாற்றிக் கட்டிய வேன் வைத்திருப்பவர்கள் அந்தக் கருவி உள்ள இடமாகத் தேடிப் போவது வீண் அலைச்சலைக் குறைக்கும்.

காற்றை எடுத்த பிறகும் சில நாளில் திரும்ப வந்தால், உள்ளே எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். எளிய காரணம் மூடி. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினோ 85, 90 டிகிரியில் ஓடுவது. மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் புறப்பட்டு, சுமார் 50 கிலோமீட்டரில் அவ்வளவு உயரம் ஏறுகிறோம், அதுவும் பாதித் தூரம் இரண்டாவது மூன்றாவது கியரில். ரப்பர் போன மூடி கோபியிலும் ஈரோட்டிலும் தன் குறையைக் காட்டாது. பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசிகளில் ஏறும்போதுதான் உள்ளே கொதித்து ஆவியாகி, டப்பா வழியாக வழிந்து, குன்னூர் வருவதற்குள் பின் ஹீட்டர் குளிர்ந்திருக்கும். மூடி மலிவான பொருள். அதில் எழுதியிருக்கும் அழுத்த அளவு உள்ளதையே வாங்கி மாற்றிவிடுங்கள்.

கவலைப்பட வேண்டிய காரணம் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் தலைப்பகுதிக்கும் (ஹெட்) கீழ்ப்பகுதிக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு. அது விட்டுப்போனால் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் புகுந்து ஓயாமல் குமிழி விடும், எவ்வளவு காற்றை எடுத்தாலும் தீராது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேட்டரின் மேல்பக்க ஹோஸ் கல் போல விறைத்தால் சந்தேகம் வலுக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது. எரிபுகை கலந்திருந்தால் நிறம் மாறும். ஹெட்டைக் கழற்றலாமா என்று முடிவெடுக்கும் முன் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி அடைப்பு. கொங்குப் பக்கத்தில் இது சாதாரணம், காரணம் நம் தண்ணீர். வீட்டுக்கு வீடு உப்புத் தண்ணீர்க் குழாய் ஒன்று, நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று. வண்டி கழுவுவதும் ரேடியேட்டருக்கு ஊற்றுவதும் உப்புத் தண்ணீர்க் குழாயில். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, சூடானதும் வெள்ளைப் படிவாக இறங்கும். வெந்நீர் அண்டாவின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரேடியேட்டரின் குழல்களைவிட ஹீட்டர் காயிலின் குழல்கள் குறுகலானவை, அங்கே ஓட்டமும் மெதுவானது, அதனால் படிவு முதலில் அங்கே தங்குகிறது. சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதுவும் கூலன்ட் ஆகாது. துருத் தடுப்பு மருந்து அதில் கிடையாது. பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில், வண்டிக்குச் சொல்லப்பட்ட கூலன்ட்டைச் சரிபாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்கும் டப்பாவை வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு வகைக் கூலன்ட்டை அதில் சேர்க்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அது வகையைச் சொல்லாது.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் பெருமைதான். அதற்காக அதை ரேடியேட்டருக்குள் போட வேண்டியதில்லை. ஒழுகும் ரேடியேட்டருக்கு மஞ்சள் தூள் போடும் வழக்கம் பழைய டிரைவர்களிடம் இன்னும் இருக்கிறது. அது ஒழுக்கை அடைப்பது உண்மை. எது ஒழுக்கு, எது ஹீட்டர் குழல் என்று அதற்குத் தெரியாது, அதுதான் சிக்கல். கடையில் விற்கும் ஒழுக்கு அடைப்பான் தூள்களும் இதே ரகம்தான். நீங்கள் வாங்குவதற்கு முன் யாராவது இதைச் செய்திருந்தால் ஹீட்டர் காயிலில் பழுப்பு நிறச் சேறாக இருக்கும்.

கழுவும் முறை: இரண்டு ஹோஸ்களையும் காயிலில் கழற்றி, திரும்பும் பக்கத்திலிருந்து, அதாவது எதிர்த் திசையில், தோட்டத்து ஹோஸால் மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். சேறும் வெள்ளைத் துணுக்குகளும் வரும். தெளிந்ததும் திசையை மாற்றி விடுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியையோ கம்ப்ரஸர் காற்றையோ முழு வேகத்தில் அடித்தால் காயில் வெடிக்கும், பிறகு மெக்கானிக் சொன்னது போலவே புதிய காயில் வாங்க வேண்டியதுதான். படிவு கெட்டியாக இருந்தால் சிட்ரிக் அமிலத்தை, எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைப்பதை, வெதுவெதுப்பான தண்ணீரில் நீர்க்கக் கரைத்துச் சிறிது நேரம் நிறுத்தி, பின் நன்றாக அலசலாம். கழிவறை கழுவும் அமிலம் வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். கடைசி அலசலை வடித்த தண்ணீரில் செய்யுங்கள். கழற்றும்போது வடியும் பழைய கூலன்ட்டை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இனிப்பாக இருக்கும், நாயும் மாடும் நக்கும், உயிருக்கே ஆபத்து. தொழுவத்தை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டு ஹோஸும் சூடாக இருந்து காற்று மட்டும் குளிர்ந்தால் விஷயம் சின்னது. ஏ.சி.யும் ஹீட்டரும் ஒரே பெட்டியில் உள்ள அமைப்பில், காற்றை எந்தக் காயில் வழியாக விடுவது என்று முடிவுசெய்யும் கதவு ஒன்று உள்ளே இருக்கும். அதைத் திருப்பும் சிறு மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்தால் கதவு ஏ.சி. பக்கமே நிற்கும். குமிழைத் திருப்பும்போது டக் டக் என்ற சத்தம் கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது. கோடையில் ஏ.சி. சர்வீஸுக்குப் பெட்டியைத் திறந்தவர்கள் காயிலைச் சுற்றிய பஞ்சுப் பட்டையைத் திரும்ப ஒட்டாமல் விட்டிருந்தாலும், காற்று காயிலைச் சுற்றிப் போய்விடும்.

வெதுவெதுப்பு வகைக்கு ஒரு தனிச் சோதனை. வண்டி நிற்கும்போது குளிர், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி 2000 ஆர்.பி.எம்.மில் வைத்தால் சூடு என்று வந்தால், பம்ப்பின் தள்ளு பின்னால் வரை எட்டவில்லை. முன் ஹீட்டரின் பாதை குட்டையாக இருப்பதால் தண்ணீர் பெரும்பாலும் அங்கேயே சுற்றிக்கொள்கிறது. கணக்குப் போட்டால், பின்பக்கக் காயில் வழியாக நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடி, 15 டிகிரி சூட்டை இறக்கிவிட்டுப் போனால் ஏறத்தாழ 5, 6 கிலோவாட் வெப்பம் கிடைக்கும், ஒரு வேனுக்குத் தாராளம். ஓட்டம் ஒரு லிட்டராகக் குறைந்தால் எவ்வளவு பெரிய காயில் வைத்தாலும் அவ்வளவு வெப்பம் கிடைக்காது. ஆகவே பெரிய காயில் வாங்குவதைவிட, பின்பக்கக் கிளையின் தாழ்வான இடத்தில் 12 வோல்ட் துணைப் பம்ப் ஒன்று போடுவதே சரியான செலவு. பஸ்களில் இது பழைய ஏற்பாடு. பம்ப்பில் காட்டியிருக்கும் அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசையில் இருக்கட்டும், தனி ஃபியூஸும் ரிலேயும் வையுங்கள். அடியில் ஓடும் ஹோஸ்களுக்கு ஏ.சி. செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரை உறையையும் போட்டுவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து இறங்கும்போது மட்டும் ஹீட்டர் ஆறிப்போகிறது என்றால் பெரும்பாலும் கோளாறே இல்லை. கியரில் விட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது இன்றைய டீசல் இன்ஜினுக்குள் டீசலே போவதில்லை. எரிவது நின்றால் சூடு எங்கிருந்து வரும்? சமதளத்திலும் முள் மேலே ஏறாமல் கீழேயே நின்றால் மட்டும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்போது முன் ஹீட்டரும் மந்தமாகத்தான் இருக்கும். உங்கள் முன் ஹீட்டர் நன்றாக இருப்பதால் அதை விட்டுவிடலாம்.

இதைப் பற்றிய வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க வேன்களைப் பற்றியவை. அங்கே பனிக்காலச் சாலையில் உப்பு தூவுகிறார்கள், அதனால் வண்டிக்கு அடியில் ஓடும் ஹீட்டர் இரும்புக் குழாய் வெளியிலிருந்து துருப்பிடித்து ஓட்டையாகிறது. அவர்கள் அடிக்குழாயை முதலில் சந்தேகப்படுவது அதனால். நம் உப்பு குழாய்க்கு உள்ளே இருக்கிறது.

சலித்துப்போய், டீசலில் தனியாக எரியும் பார்க்கிங் ஹீட்டரை வாங்கிவிடலாம் என்ற யோசனை உங்களுக்கு வந்தால், ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களும், அணைத்த பிறகும் அது குளிர்காற்றைத்தான் தள்ளும், அது அதன் இயல்பு. ஊட்டி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டீசல் மிகுந்து கரி படியும். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் வசதி உள்ளதாகப் பார்க்க வேண்டும். முக்கியமாக, அதன் புகைக்குழாய் வண்டிக்கு வெளியே, ஜன்னலுக்கும் காற்று உறிஞ்சும் துளைக்கும் எட்டாத இடத்தில் முடிய வேண்டும். கார்பன் மோனாக்சைடு மணமில்லாதது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கான அலாரம் ஒன்றைப் படுக்கைக்கு அருகே மாட்டாமல் அந்த வண்டியில் யாரும் படுக்கக் கூடாது.

உங்கள் விஷயத்தில் என் கணிப்பு மூடிய வால்வு, அது இல்லையென்றால் ஹோஸ் மாற்றியபோது சேர்ந்த காற்று. வரும் ஞாயிறு காலையில் ரேடியேட்டரைத் திறந்து அளவைப் பாருங்கள், வால்வைத் தேடிப்பிடியுங்கள், சத்தியமங்கலம் வரை ஓட்டிவிட்டு வந்து இரண்டு ஹோஸ்களையும் தொடுங்கள். காற்று எடுத்த பிறகு மலைக்குப் போகும் முன் ஒரு வாரம் உள்ளூரில் ஓட்டி, தினமும் காலையில் டப்பாவின் அளவை ஒரு மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வாருங்கள். கோடு முதல் இரண்டு நாள் இறங்கி நின்றுவிட்டால் மிச்சமிருந்த காற்று வெளியேறிவிட்டது. ஏழாவது நாளும் இறங்கிக்கொண்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒழுக்கைத் தேடுங்கள்.